மீடிறனை இறக்கும் வித்தை: டைனமோ றேடியோவிலிருந்து கடலடி ஒளிநார் வரை

கடலடிக் கேபிளில் இணையம் எப்படி வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: ஒளி எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூச்சியம். ஏறத்தாழ 2008ஆம் ஆண்டு வரை அது சரியான விடையாகவும் இருந்தது. இன்று கண்டங்களுக்கிடையே ஓடும் நெடுந்தூர ஒளிநார்களின் முனையில் உள்ள வாங்கிகள் அப்படி வேலை செய்வதில்லை. யுத்த காலத்தில் எங்கள் வீடுகளில் இருந்த சிற்றலை றேடியோ என்ன செய்ததோ அதையே அவையும் செய்கின்றன. வருகிற அலையோடு, தமக்குள்ளேயே உண்டாக்கிய இன்னோர் அலையைக் கலந்து, கைக்கு எட்டாத உயர்ந்த மீடிறனைக் கைக்கு எட்டும் அளவுக்கு இறக்கிக்கொள்கின்றன.

ஊடகக் கற்கை படித்த எனக்கு வகுப்பறையில் அலைவரிசை என்பது ஓர் அனுமதிப்பத்திரத்தின் பெயராகத்தான் அறிமுகமானது. யாருக்குக் கொடுத்தார்கள், யாரிடமிருந்து பறித்தார்கள் என்பதே பாடம். அந்த அலை பெட்டிக்குள் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அதை ஊரில் எல்லோரும் கையால் தொட்டு அறிந்திருந்தார்கள்.

பொருளாதாரத் தடையில் பற்றரியும் இருந்ததை நடுவயதைத் தாண்டிய வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி அல்லது கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் 6 வோல்ற் மின்னில் பி.பி.சி. தமிழோசையும் வேரித்தாஸும் கேட்ட காலம் அது. டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க ஒரு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் வேண்டும் என்பதை எந்தப் பட்டமும் இல்லாத சைக்கிள் கடைக்காரர் அறிந்திருந்தார். எங்கள் வீட்டில் மாமா முள்ளை நகர்த்துவார், அண்ணா பெடல் சுற்றுவார். அண்ணா களைத்துச் சுற்று மெதுவானால் சத்தம் குறையும். அதோடு நிலையமும் மெல்ல வழுக்கிப் போகும். மாமா முள்ளை ஒரு நூலளவு திருப்பி அதை மறுபடி பிடிப்பார். இந்த வழுக்கலும் பிடித்தலும்தான் இந்தக் கட்டுரையின் முழுப் பொருளும்.

றேடியோவுக்குள் நடப்பது இதுதான். 9,500 கிலோஹேர்ட்ஸில் ஒரு நிலையம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயர்ந்த மீடிறனில் சைகையைப் பெருக்குவதும், பக்கத்து நிலையத்திலிருந்து பிரித்தெடுப்பதும் கடினம். அதிலும் முள் நகரும் ஒவ்வோர் இடத்துக்கும் வடிகட்டியை மாற்றியமைப்பது இன்னும் கடினம். ஆகவே றேடியோ தனக்குள் 9,955 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்குகிறது. இரண்டும் கலக்கும்போது வித்தியாசம் 455 கிலோஹேர்ட்ஸ். முள்ளை 11,700க்கு நகர்த்தினால் உள் அலையும் 12,155க்கு நகரும். வித்தியாசம் அப்போதும் 455தான். எந்த நிலையம் வந்தாலும் அது அந்த ஒரே படிக்கு இறக்கப்படுவதால், பெருக்கியும் வடிகட்டியும் அந்த ஒரு மீடிறனுக்கு மட்டும் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் போதும். உலகெங்கும் மலிவு விலை றேடியோக்களில் இந்த 455 என்ற எண் கிட்டத்தட்ட மாறாமல் இருந்தது. எப்.எம். பகுதிக்கு 10.7 மெகாஹேர்ட்ஸ்.

பெடல் மெதுவானால் நிலையம் வழுக்குவது ஏன் என்பதும் இங்கே விளங்கும். வெளியிலிருந்து வரும் அலை அசையவில்லை. வோல்ற்றளவு விழும்போது றேடியோ தனக்குள் உண்டாக்கும் அலையின் மீடிறன்தான் அசைகிறது. வித்தியாசம் 455இலிருந்து விலகுகிறது. வடிகட்டி அதை உள்ளே விடாது.

உயர்தரப் பௌதிகவியலில் அடிப்பு மீடிறன் என்று மாணவர்கள் படிப்பது இதன் உறவுக்காரன். 256 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்றையும் 260 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்றையும் சேர்த்துத் தட்டினால் செக்கனுக்கு 4 தடவை சத்தம் ஏறி இறங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, ஆசிரியர்கள் சில வேளை இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு அலைகளை வெறுமனே கூட்டினால் மட்டும் வித்தியாச மீடிறனில் புதிதாக ஓர் அலை பிறப்பதில்லை. கூட்டியதை வர்க்கிக்கும் ஏதாவது ஒரு பொருள் நடுவில் வேண்டும். A+B என்பதன் வர்க்கத்தை விரித்தால் A², B², 2AB என்று மூன்று உறுப்புகள் வரும். அந்த 2ABக்குள்தான் வித்தியாசம் இருக்கிறது. றேடியோவில் இந்த வர்க்கிக்கும் வேலையைத் திரான்சிஸ்டரின் நேர்கோடற்ற இயல்பு செய்கிறது. ஒளியில் யார் செய்கிறார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு அலைகளைக் கலக்கும் இந்த யோசனைக்கு ஹெட்டரோடைன் என்று பெயர் வைத்தவர் கனடாவில் பிறந்த ரெஜினால்ட் பெசென்டன். அவருடைய காப்புரிமை 1902இல் கிடைத்தது. உறுதியான உள் அலையை உண்டாக்கும் கருவி அப்போது இல்லாததால் யோசனை பல வருடம் காகிதத்திலேயே கிடந்தது. வால்வுகள் வந்த பிறகு, முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் லூசியன் லெவியும் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் பாரிஸில் பணியாற்றிய எட்வின் ஆம்ஸ்ட்ரோங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். யார் முதல் என்ற வழக்கு அமெரிக்காவில் நீண்ட காலம் நடந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரைத்தான்.

போரில் பிறந்த இந்த வித்தைக்குப் போரிலேயே ஒரு பலவீனமும் தெரியவந்தது. தனக்குள் அலையை உண்டாக்கும் பெட்டி, அதில் கொஞ்சத்தை வெளியிலும் கசியவிடும். அதாவது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வாங்கியும் மிக மெல்லிய ஓர் ஒலிபரப்பிதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மெற்றொக்ஸ் என்ற வாங்கியை வைத்திருந்தன. அது கசியும் அலையைப் பிடித்தே எதிரி விமானங்கள் தம்மைக் கண்டுபிடிக்கின்றன என்று பயந்து 1943இல் அதை நிறுத்திவிட்டார்கள். உண்மையில் காட்டிக்கொடுத்தது அந்த வாங்கியால் உணரவே முடியாத புதிய வகை ராடர். ஆனால் பயம் அடிப்படையற்றதல்ல. பனிப்போர்க் காலத்தில் பிரித்தானிய உளவுத்துறை, இரகசியமாக வானொலி கேட்பவர்களின் வாங்கிகளைக் கசியும் உள் அலையைக் கொண்டே தேடியது.

ஒளிக்கு வந்தபோது

சிற்றலை நிலையம் செக்கனுக்குச் சில மில்லியன் தடவை அதிர்கிறது. ஒளிநாரில் ஓடும் அகச்சிவப்பு ஒளி ஏறத்தாழ 193 டெராஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 193 இலட்சம் கோடி தடவை அதிர்கிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிநார் அலைவரிசைகளைப் பங்கிடுவதற்கு வைத்திருக்கும் மையப் புள்ளி 193.1 டெராஹேர்ட்ஸ். இந்த வேகத்தில் ஏறி இறங்கும் அலையை நேரடியாகப் பின்தொடரக்கூடிய இலத்திரனியல் உறுப்பு எதுவும் இல்லை.

ஒளியை மின்னாக்கும் போட்டோடயோட்டுக்குத் தெரிவது பிரகாசம் மட்டுமே. அலை மேட்டில் நிற்கிறதா பள்ளத்தில் நிற்கிறதா என்ற அவத்தையை அது அறியாது. ஒளிநாரின் முதல் முப்பது வருடங்களும் அந்தக் குருட்டுத்தன்மையை ஏற்றுக்கொண்டே கழிந்தன. எரி, அணை, ஒன்று, பூச்சியம்.

ஆனால் பிரகாசம் என்பது அலையின் வீச்சத்தினுடைய வர்க்கம். அதாவது போட்டோடயோட் இயற்கையிலேயே வர்க்கிக்கும் பொருள். தூரத்திலிருந்து வரும் மங்கிய ஒளியோடு, வாங்கிக்குள் வைத்த லேசரின் ஒளியையும் சேர்த்து அதன்மேல் விழவிட்டால், 2AB தானாகவே மின்னோட்டத்தில் வந்துவிடும். 193 டெராஹேர்ட்ஸும் 193 டெராஹேர்ட்ஸும் கழிபட்டு, சில கிகாஹேர்ட்ஸ் அளவிலான வித்தியாசம் மட்டும் மின்கம்பியில் மிஞ்சும். அதை இலத்திரனியல் கையாளும். இன்னொரு நன்மையும் உண்டு. A மிகச் சிறியது, B நாங்கள் விரும்பிய அளவு பெரியது. ஆகவே 2AB, தனியே A² தருவதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

இந்தப் பெருக்கத்துக்காகவே 1980களில் ஆய்வுகூடங்கள் இந்த முறையை விரும்பின. நல்ல ஒளிநாரிலும் ஒவ்வொரு 15 கிலோமீற்றருக்கும் ஒளி பாதியாகிறது. வாங்கியின் காது கூர்மையாக இருந்தால் இடையில் வைக்கும் மறுபெருக்கி நிலையங்களைக் குறைக்கலாம். பிறகு 1987இல் எர்பியம் கலந்த ஒளிநார்ப் பெருக்கி வந்தது. ஒளியை ஒளியாகவே, மின்னாக மாற்றாமல், நாருக்குள்ளேயே பெருக்க முடியும் என்றானதும், கூர்மையான காதுக்கு யாரும் காசு செலவழிக்கத் தயாராக இல்லை. ஹெட்டரோடைன் ஆராய்ச்சி ஏறத்தாழக் கைவிடப்பட்டது. ஒரு நல்ல யோசனை அதைவிட மலிவான இன்னொரு யோசனையிடம் தோற்பது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதல்ல. பதினைந்து இருபது வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காக அது திரும்பி வந்ததுதான் புதினம்.

இரண்டாயிரங்களில் இணையப் போக்குவரத்து வளர்ந்தபோது ஒரே நாரில் அதிகம் அனுப்ப வேண்டிவந்தது. எரி, அணை என்று வேகமாகச் சிமிட்டச் சிமிட்ட, ஆயிரக்கணக்கான கிலோமீற்றரில் சிமிட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து கலங்கின. அவத்தையும் முனைவாக்கமும் வாங்கியின் கையில் இருந்தால் கதை மாறும். அலையை நான்கு அவத்தைகளில் ஒன்றில் வைத்து அனுப்பினால் ஒரு தடவையில் 2 பிட். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முனைவாக்கங்களிலும் அனுப்பினால் 4 பிட். அலையின் முழு விபரமும் இலக்கங்களாகக் கையில் இருப்பதால், நாரில் ஏற்பட்ட படர்தலையும் கணக்கிட்டுத் திருப்பி எடுத்துவிடலாம். அதற்குப் போதிய வேகமான சிப்புகள் அப்போதுதான் சாத்தியமாகின. கனடாவின் நோர்ட்டெல் நிறுவனம் 2008இல் 40 கிகாபிட் வேகத்தில் இப்படியான ஒரு தொகுதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே நோர்ட்டெல் வங்குரோத்தானது. அதன் ஒளியியல் பிரிவை சியெனா வாங்கிக்கொண்டது. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிள் 2016 டிசம்பரில் சேவைக்கு வந்தபோது, ஓர் அலைநீளத்துக்கு 100 கிகாபிட் என்பது வழமையாகிவிட்டிருந்தது.

வழுக்கும் லேசர்

இங்கேதான் மாமாவின் விரலுக்கு வேலை வருகிறது. அனுப்பும் லேசர் சிங்கப்பூரில் இருக்கிறது, வாங்கும் லேசர் மாத்தறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே மீடிறன் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குறைகடத்தி லேசரின் வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே அதன் மீடிறன் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் நகரக்கூடும். எவ்வளவு கவனமாகக் குளிர்வித்தாலும் இரண்டுக்கும் இடையில் ஒரு கிகாஹேர்ட்ஸ் அளவு விலகல் இருக்கவே செய்யும். 193 டெராவில் அது ஏறத்தாழ இரண்டு இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் வாங்கியைப் பொறுத்தவரை அது பேரழிவு. செய்தி இருப்பதே அவத்தையில்; ஒரு கிகாஹேர்ட்ஸ் விலகல் என்றால் அந்த அவத்தை செக்கனுக்கு நூறு கோடி தடவை சுழல்கிறது.

செக்கனுக்கு 32 பில்லியன் குறியீடுகள் வரும் ஒரு தொகுதியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1ஐ 32ஆல் பிரித்தால், ஒரு குறியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் முழுச் சுற்றில் 32இல் ஒரு பங்கு, அதாவது 11.25 பாகை சுழற்சி. நான்காவது குறியீட்டில் 45 பாகை. அதற்குப் பிறகு ஒரு குறியீட்டை இன்னொன்றாக வாசிப்போம்.

சுழற்சி எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வருகிற அவத்தையில் இரண்டு கலந்திருக்கின்றன: அனுப்பியவர் வைத்த செய்தி ஒன்று, விலகலால் வந்த சுழற்சி இன்னொன்று. செய்தி என்னவென்று தெரியாமல் சுழற்சியை மட்டும் எப்படிப் பிரிப்பது? செய்தி 45, 135, 225, 315 பாகைகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அவற்றை 4ஆல் பெருக்குங்கள்: 180, 540, 900, 1260. முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டால் நான்குமே 180! எந்தச் செய்தியை அனுப்பியிருந்தாலும் அது மறைந்துவிட்டது. மிஞ்சுவது சுழற்சியின் நான்கு மடங்கு மட்டும். அதை நான்கால் வகுத்து, வந்த சைகையைப் பின்புறமாக அதே அளவு சுழற்றிவிட்டால் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். இந்த முறையின் அடிப்படையை அன்ட்ரூ விற்றர்பியும் ஓட்ரி விற்றர்பியும் 1983இல் வெளியிட்டார்கள். அவர்கள் யோசித்தது வானொலிச் சைகைகளுக்கு.

இதற்கும் எல்லை உண்டு. குறியீடுகளுக்கிடையில் சுழற்சி 45 பாகையைத் தாண்டினால் கணக்குக் குழம்பும். படத்தில் வண்டிச் சில்லு பின்பக்கமாகச் சுழல்வது போலத் தெரியுமே, அதே குழப்பம். 32 பில்லியன் குறியீட்டுத் தொகுதிக்கு அந்த எல்லை 4 கிகாஹேர்ட்ஸ். அதற்குள் இரண்டு லேசர்களையும் வைத்திருப்பது பொறியியலாளர்களின் பொறுப்பு, மீதி சிப்பினுடையது. இரண்டு மீடிறன்களையும் மிகச் சரியாகப் பூட்டிவைப்பது ஹோமோடைன், வேண்டுமென்றே பெரிய இடைவெளி விடுவது ஹெட்டரோடைன், கிட்டத்தட்டச் சமமாக விட்டுவிட்டு மிச்சத்தைக் கணக்கில் தீர்ப்பது இன்ட்ராடைன். இன்றைய கடலடி வாங்கிகள் பெரும்பாலும் மூன்றாவது வகை.

சிற்றலை கேட்டவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பலமான ஒரே நிலையம் முள்ளில் இரண்டு இடங்களில் கேட்கும். 9,955 கிலோஹேர்ட்ஸ் உள் அலைக்கு 455 கீழே 9,500 இருப்பது போல, 455 மேலே 10,410உம் இருக்கிறது. வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் றேடியோவுக்கு இரண்டும் ஒன்று. ஆகவே 910 கிலோஹேர்ட்ஸ் தள்ளி ஒரு பேய் நிலையம். ஒளியிலும் இதே சிக்கல். ஒரே போட்டோடயோட்டை வைத்தால், சைகை உள் லேசரைவிட ஒரு கிகாஹேர்ட்ஸ் கூடவா குறையவா என்று தெரியாது. தீர்வாக, உள் லேசரின் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கால் அலைநீளம் பிந்தவைத்து, இரண்டோடும் சைகையைத் தனித்தனியே கலக்கிறார்கள். வரும் இரண்டு மின்னோட்டங்களில் எது முந்துகிறது என்று பார்த்தால் சுழற்சி எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

விண்வெளியில் இந்த விலகல் இன்னும் மோசம். தாழ்ந்த சுற்றுப்பாதைச் செய்மதிகள் செக்கனுக்கு 7 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றன. டொப்ளர் விளைவால் ஒளியின் மீடிறன் பல கிகாஹேர்ட்ஸ் ஏறும், கடந்து போன பிறகு அதே அளவு இறங்கும். 2008இல் ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் செய்மதியும் அமெரிக்காவின் என்பயர் செய்மதியும் லேசரால் 5.6 கிகாபிட் வேகத்தில் பேசிக்கொண்டபோது, வாங்கியின் உள் லேசர் அந்த ஏற்ற இறக்கத்தை விடாமல் துரத்திப் பூட்டி நின்றது. 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் சேவையின் செய்மதிகளும் தமக்கிடையே லேசரால்தான் தரவைக் கடத்துகின்றன.

வாங்கி எறிந்துவிடும் தகவல்

சைகையைச் சீர்படுத்த, வாங்கி ஒளியின் அவத்தையையும் முனைவாக்கத்தையும் ஓயாமல் அளக்கிறது. திருத்தம் முடிந்ததும் அந்த அளவீடுகள் தூக்கி எறியப்படுகின்றன. கடலின் அடித்தளம் அதிர்ந்தால் கேபிள் அதிரும். கேபிள் அதிர்ந்தால் ஒளியின் முனைவாக்கம் ஆடும். கல்டெக்கின் சொங்வென் ஜான் குழுவினர் கூகுளோடு சேர்ந்து, லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிலி வரை செல்லும் கியூரி கேபிளின் வாங்கிகள் எறிந்துகொண்டிருந்த அந்த எண்களைச் சேமித்துப் பார்த்தார்கள். 2020 ஜனவரி 28இல் யமேக்காவுக்கு அருகே ஏற்பட்ட 7.7 அளவான நிலநடுக்கம் அதில் பதிவாகியிருந்தது. கடலுக்கடியில் புதிதாக எந்தக் கருவியையும் அவர்கள் வைக்கவில்லை. 2021இல் சயன்ஸ் சஞ்சிகையில் இந்த முடிவு வெளியானது.

இதற்கு முன்பே, 2018இல், பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் ஜுசெப்பே மாரா குழுவினர், மிக உறுதியான லேசரொன்றின் ஒளியை நாரினூடாக அனுப்பி, திரும்பி வந்ததோடு ஒப்பிட்டு நிலநடுக்கங்களை உணர்ந்திருந்தார்கள். முனைவாக்க முறைக்கு ஒரு குறை உண்டு: பல ஆயிரம் கிலோமீற்றர் கேபிள் முழுவதும் ஒரே உணரியாக இருப்பதால் எந்த இடத்தில் அதிர்ந்தது என்று சொல்வது கடினம். மாரா குழுவினர் 2022இல் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் இடையிலான கேபிளில், மறுபெருக்கிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டையும் தனித்தனி உணரியாக்கிக் காட்டினார்கள். இவை எச்சரிக்கைத் தொகுதிகள் அல்ல, இன்னும் ஆய்வு நிலையில் இருப்பவை. கேபிள்கள் பல நாட்டு நிறுவனங்களின் கூட்டுச் சொத்து என்பதால், அளவீட்டை யார் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு வேகமாகக் கொடுப்பது என்பதெல்லாம் தனிப் பேச்சுவார்த்தை.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திரா நிலநடுக்கத்துக்கும் முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் அலை ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. யுத்தநிறுத்தத்தின் நடுவில், போரில் தப்பியவர்களைக் கடல் கொண்டுபோன அந்த இரண்டு மணி நேரத்தில் எவரும் எமக்கு எதுவும் சொல்லவில்லை. இலங்கையிலிருந்து தென்கிழக்காசியாவுக்குச் சென்ற சீ-மீ-வீ 3 கேபிள் அப்போதே கடலடியில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் முனைகளில் இருந்தவை எரி-அணை வகை வாங்கிகள். நாருக்குள் ஒளியின் முனைவாக்கம் எப்படி ஆடினாலும், பிரகாசத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த அவற்றில் அது பதிவாக வழியில்லை. அந்த வாங்கிகளுக்குப் பதிலாக இன்று இருக்கும் வகை, நாங்கள் இதை வாசிக்கும் இந்த நொடியிலும் அந்த ஆட்டத்தை அளந்துகொண்டிருக்கிறது.